பேச்சு வரணுமா? படம் காட்டுங்க!

"டாக்டர், பையனுக்கு ரெண்டு வயசு ஆகப் போவுது. இன்னும் பேச்சு வரலை. வசம்பு உரசி நாக்குல தடவலாமா?"

சித்த மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. வசம்புக்கு நம் பாட்டிமார்கள் வைத்த பெயர் 'பேர் சொல்லா மருந்து'. தன் பேரையே சொல்ல விடாத சரக்கு, உங்கள் பிள்ளைக்குப் பேர் சொல்லக் கற்றுத் தருமா என்ன? வேடிக்கைக்குச் சொன்னாலும் விஷயம் நிஜம். வசம்பைத் தடவினால் பேச்சு வராது. அளவு மீறினால் வாந்திதான் வரும்.

பேச்சு காது வழியாக உள்ளே போய்த்தான் வாய் வழியாக வெளியே வரும். அதற்கு ஒரு முகம் எதிரே இருக்க வேண்டும். செல்போனில் பாட்டு ஓடுகிறதே என்பீர்கள். அது குழந்தை சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லுமா? ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. அந்த நேரத்துக்குக் கதையும் புத்தகமும் நல்லது என்றும் அதிலேயே இருக்கிறது.

சரி, எந்தப் புத்தகம்?

சித்த மருத்துவத்தில் குழந்தை வளர்ச்சியைப் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை வைத்துச் சொல்வது வழக்கம். அதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை. தலை நிமிர்ந்து ஆடும் பிள்ளைக்கு வெள்ளையில் கறுப்பு, சிவப்பு என்று அழுத்தமான, பெரிய படங்கள் போதும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் வைத்துக் காட்டினால் ஏறக்குறைய அதே தூரம்தான்!

ஒன்பதாம் மாதம் சப்பாணி. கை தட்டும், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். கெட்டி அட்டையில், முனை மழுக்கிய புத்தகமாகப் பாருங்கள். பின் அடித்த மெல்லிய புத்தகம் இந்த வயதுக்கு ஆகாது. பின் கழன்று விழுந்தால் வயிற்றுக்குள் போய்விடும்.

ஒன்றரை வயதை ஒட்டி அம்புலிப் பருவம். நிலாவைச் சுட்டுகிற அந்த விரல்தான் பேச்சுக்கு முன்னோடி. பக்கத்துக்கு ஒரு படம். அதுவும் காக்கா, வாளி, ஆட்டோ, இட்லித் தட்டு என்று பிள்ளை தினம் பார்க்கும் பொருளாக இருக்கட்டும். 'காக்கா எங்கே?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். 'ஏ ஃபார் ஆப்பிள்' ஒப்பிக்க வைக்கும் புத்தகங்களுக்கு என் ஓட்டு கிடையாது. பரீட்சை அப்புறம் வரட்டுமே!

இரண்டு வயதுக்கு மேல் கதை. எனக்குப் பிடித்தது, அமெரிக்காவின் எரிக் கார்ல் 1969-ல் கொண்டுவந்த பசிக்காரக் கம்பளிப்புழுக் கதை. திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று ஏறிக்கொண்டே போய், சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய் எல்லாம் தின்று புழுவுக்கு வயிற்றுவலி. மறுநாள் ஒரே ஒரு பச்சை இலை... சரியாகிவிடுகிறது! ஒரு வைத்தியனுக்கு இதைவிட நல்ல பத்தியக் கதை கிடைக்குமா? பழங்களில் புழு துளைத்த ஓட்டையும் உண்டு. பிள்ளைகள் அதில் விரலை விட்டுக்கொண்டே இருக்கும்.

பிடித்த புத்தகம் எது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். மூன்றைத் தரையில் பரப்புங்கள். எதை இழுத்துக்கொண்டு உங்கள் மடிக்கு வருகிறதோ, அதுதான். அதையே நாற்பது தடவை படிக்கச் சொல்லும். "வேற கதை பாப்போம்டா" என்று ஒளித்து வைக்காதீர்கள். ஒரே வார்த்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும்போதுதான் அது வாயில் ஏறும். ஒருநாள் அந்த இடத்தில் நீங்கள் நிறுத்துங்கள், பிள்ளை முடித்து வைக்கும்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் போன்றவற்றின் தமிழ்ப் படப் புத்தகங்கள் மலிவு. சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த புத்தகங்கள் போடுகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

ஒன்று மட்டும். ஒன்றரை வயதாகியும் பிள்ளை விரலால் சுட்டவில்லை, ஒரு வார்த்தையும் இல்லை, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று மாமியார் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். புத்தகமும் போதாது, என் மருந்தும் வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். குழந்தை நல மருத்துவரிடமும் காட்டுங்கள். அந்த வாரமே!