வில்லங்கச் சான்றில் வராத அத்தை

வீடு வாங்குமுன் 30 ஆண்டு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது தமிழ்நாட்டில் வழக்கம். கிரயம், அடமானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை எல்லாம் அதில் வரிசையாக வரும். மரணம் மட்டும் வராது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அந்த நொடியிலேயே சொத்து வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பத்திரமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சுயசம்பாத்தியத்தில் வீடு கட்டிய இந்து ஒருவர் உயில் இல்லாமல் இறக்கிறார். மனைவி, மகன், மகள், தாய் இருக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் கால் கால் பங்கு. பலர் மறப்பது அந்தத் தாயைத்தான். கணவரை முன்பே இழந்த அவரும் பிறகு உயிலின்றிக் காலமானால், அவர் பங்கில் பாதி இறந்த மகனின் பிள்ளைகளுக்கு. மறுபாதி, உயிரோடிருக்கும் ஒரே மகளுக்கு. ஆக, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்கு இந்த வீட்டில் எட்டில் ஒரு பங்கு! அவர் கையெழுத்து இல்லாத கிரயத்தில் அந்தப் பங்கு பொதுவாக வாங்கியவருக்கு வராது.

உயில் இருந்தால் இன்னும் நுட்பம். அதைப் பதிவது கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளோடு வெள்ளைத்தாளில் எழுதினாலே செல்லும். பதிந்தாலும், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அது ஏறுவது மூன்றாம் புத்தகத்தில். வில்லங்கச் சான்றோ சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுவது. எழுதியவர் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே உயிலின் நகல் கிடைக்கும். இறந்தபின் யாரும் கேட்டுப் பெறலாம். ஆனால் உயிலை எந்தச் சார்பதிவாளரிடமும் பதியலாம் என்பதால், எந்த ஊரில் போய்த் தேடுவது?

தேடிக் கிடைக்காததை, தெரிந்தவர் சொல்லியாக வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55 இதைத்தான் சொல்கிறது: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை உரிமையில் இருந்தால், அதை வெளிப்படுத்த வேண்டும். மறைத்தால் அது மோசடி. விற்பவருக்கே தெரியாத உயில் பின்னால் முளைத்தால்? விற்கும் உரிமை தனக்கு உண்டென்று விற்பவர் உறுதி தந்ததாகவே அதே பிரிவு கொள்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “அப்பா இறந்தபோது உங்கள் பாட்டி இருந்தார்களா?” இருந்து, பிறகு உயிலின்றிக் காலமானார்கள் என்றால், அத்தையையும் கிரயத்தில் சேர்க்க வேண்டும், இல்லையேல் அவர் தம் சகோதரர் மகன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்த பிறகு வாங்க வேண்டும்.