வெயிலுக்குக் கம்பங்கூழ், தொட்டுக்கொள்ள உதிர்ந்த மாங்காய்

சித்திரை வெயிலில் களையெடுக்கப் போகிறவர்கள் பலர், காலையில் வெறும் டீயோடு கிளம்பிவிடுகிறார்கள். பத்து மணிக்கே தலை சுற்றுகிறது. அதற்கு வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

ஒரு டம்ளர் கம்பு மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். மறுநாள் மூன்று டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைத்த மாவை ஊற்றி, சிறுதீயில் கட்டி தட்டாமல் கிண்டுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறியதும் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம்.

ராஜபாளையம் தோப்புகளில் காற்றுக்கு உதிரும் மாங்காயை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். நாலு காயை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து உண்டு. ஆனால், உடம்பு அதை எளிதில் ஏற்காது. மாங்காயில் உள்ள வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். வேகவைத்தால் அது குறையும் என்பதால், பச்சையாகவே நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் போட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள். கூழ் குடித்த கையோடு டீ வேண்டாம். இரும்புச்சத்து சேர்வதை டீ தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும். பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கறவை மாடு வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: பாலையெல்லாம் பால்கோவாவுக்கே ஊற்றிவிடாமல், அரை லிட்டரை வீட்டு மோருக்கு உறை ஊற்றுங்கள். மாட்டைப் பராமரிக்கிற உடம்புக்கும் அதில் பங்கு உண்டு.