தண்ணீரில் நின்று தாகத்தால் வாடும் செடி!

மழை ஓய்ந்த மறுநாள் காலை. தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தக்காளிச் செடிகளின் இலைகள் துவண்டு தொங்குகின்றன. கோடை வெயிலில் காய்ந்த செடிகளைப் போலவே அவை தலை கவிழ்ந்து நிற்கின்றன.

இது என்ன விந்தை! வேர் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கிறது. செடியோ தாகத்தால் வாடுகிறது!

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பெரிய சாலையின் ஓரத்தில் இருக்கிறது, சூளகிரி. சூலம் போன்ற மலை இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும் ஊர். சுற்று வட்டாரத்தில் கொத்தமல்லி, புதினா, தக்காளி, கோஸ் பயிராகின்றன. சூளகிரி கொத்தமல்லிக்கு வெளியூர் மார்க்கெட்டுகளிலும் பெயர் உண்டு.

கொத்தமல்லி 40, 45 நாள் பயிர். விதை, உழவு, களை எடுக்க ஆள் கூலி என்று கையில் இருப்பது எல்லாம் மண்ணில் இறங்கிவிடும். நகைக்கடன் வட்டியும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அந்தக் கீரைக் கட்டுகளை நம்பித்தான் இருக்கும். 30-வது நாளில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும்? இரண்டே நாளில் கீரை மஞ்சளாகும். பிறகு அடித்தண்டு அழுகும்.

மூச்சு

வேரும் மூச்சு விடுகிறது! இது பலருக்குத் தெரியாது.

நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம்தான் மண். மீதி, சின்னஞ்சிறு துளைகள். அந்தத் துளைகளில் காற்றும் இருக்கும், ஈரமும் இருக்கும். மழைத் தண்ணீர் தேங்கினால், காற்று இருந்த இடத்தை எல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயு, காற்றில் பரவுவதை விடத் தண்ணீரில் சுமார் 10 ஆயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மூச்சு முட்டிய வேருக்குத் தண்ணீரை உறிஞ்சும் சக்தி போய்விடுகிறது. அதனால்தான் இலை வாடுகிறது.

அதைப் பார்த்து, "செடிக்குத் தண்ணீர் போதவில்லை" என்று மோட்டாரைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிடக் கேடு வேறு இல்லை.

நெல் மட்டும் எப்படிச் சேற்றில் நிற்கிறது? நெல்லின் தண்டுக்குள் காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. இலை வாங்கும் காற்று, அதன் வழியே வேருக்கு இறங்குகிறது. தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் அந்த வசதி போதிய அளவு இல்லை.

10 லட்சம் லிட்டர்

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர்! பெரிய தண்ணீர் லாரிகளில் 8, 9 லாரி. பத்து அங்குலம் பெய்தால் 10 லட்சம் லிட்டர்.

2024-ம் ஆண்டு பெஞ்சல் புயலின்போது, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் உள்ள ஊத்தங்கரையில், டிசம்பர் 2-ந்தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதாவது, சுமார் 20 அங்குலம்! அப்படிப்பட்ட மழைக்கு எந்த வடிகாலும் ஈடு கொடுக்காது. ஆனால் ஆண்டுதோறும் தோட்டத்தைக் கெடுப்பது அந்த மழை அல்ல. ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் பெய்யும் சாதாரண மழைதான்.

2021 நவம்பர் மழையில் பல இடங்களில் தக்காளி அழிந்தது. சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதம் தண்ணீர் வடிந்த தோட்டம் வைத்திருந்தவருக்கு யோகம். தேங்கிய தோட்டம் வைத்திருந்தவருக்குக் கடன்.

எங்கிருந்து வருகிறது?

தண்ணீர் தேங்கியதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வெட்ட ஓடக்கூடாது. முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மழை விட்டுச் சில நாள் கழித்து, தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் 2 அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினால் போதும். குழியில் தானாகத் தண்ணீர் ஊறி வந்தால், அது கசிவு. ஏரிக்கரைக்குக் கீழேயும், மேட்டு நிலத்தின் அடிவாரத்திலும் இருக்கும் தோட்டங்களில் இந்தத் தொல்லை அதிகம்.

தண்ணீர் ஊறவில்லையா? அந்தக் குழியில் தண்ணீரை ஊற்றி வடிய விட்டு, மறுபடியும் நிரப்பிப் பார்க்கவேண்டும். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் மண் நல்ல மண். குறை, நிலத்தின் மட்டத்தில் இருக்கிறது. மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றால், அடியில் இறுகிய மண் இருக்கிறது. அல்லது பாறை இருக்கிறது. டிராக்டரை ஒரே ஆழத்தில் பல ஆண்டுகள் ஓட்டினால், உழவுக்குக் கீழே மண் தளம் போட்டதுபோல் இறுகிவிடும். இதற்கு உளிக்கலப்பை உண்டு. மண் காய்ந்திருக்கும்போது ஒன்றேகால் அடி ஆழம் வரை கீறிவிட்டால் தளம் உடையும். ஈர மண்ணில் ஓட்டினால் பயன் இல்லை. இன்னும் இறுகும்!

கடப்பாரை

கசிவுத் தண்ணீரைப் பிடிக்க ஒரு வழியைக் காட்டியவர், இங்கிலாந்து நாட்டு விவசாயி ஜோசப் எல்கிங்டன்.

1764-ம் ஆண்டு. வார்விக்ஷயர் பகுதியில் அவருடைய நிலம் சதுப்பாகக் கிடந்தது. அங்கு மேய்ந்த ஆடுகள் நோய் கண்டு செத்தன. எல்கிங்டன் 4, 5 அடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டிப் பார்த்தார். சதுப்பு வற்றவில்லை.

அவர் யோசித்துக்கொண்டு நின்றபோது, வேலையாள் ஒருவர் அந்த வழியாக வந்தார். ஆட்டுப்பட்டிக்குத் துளை போடும் இரும்புக் கடப்பாரை அவர் கையில் இருந்தது. எல்கிங்டன் அதை வாங்கி, கால்வாயின் அடியில் குத்தி இறக்கினார். உருவி எடுத்தார். குபுகுபு என்று தண்ணீர் பொங்கியது!

அவருக்கு உண்மை விளங்கிவிட்டது. மேட்டில் இருந்து மண்ணுக்கு அடியில் வந்த தண்ணீர், வழி இல்லாமல் அடைபட்டுக் கிடந்தது. ஈரம் தெரிகிற இடத்தில் வெட்டினால் போதாது. தண்ணீர் புகும் இடத்தில் மறிக்கவேண்டும்.

1795-ல் இங்கிலாந்து பாராளுமன்றம் அவருக்கு 1,000 பவுன் பரிசு வழங்க முடிவு செய்தது. அவருடைய முறையை எழுதி வைக்க ஜான் ஜான்ஸ்டோன் என்பவரை அனுப்பினார்கள். 1797-ல் அது புத்தகமாக வந்தது.

ஏரிக்கரைக்குக் கீழே தோட்டம் வைத்திருப்பவருக்கும் இதுவே வழி. தோட்டத்தின் மேட்டுப்பக்க ஓரத்தில், குறுக்கே ஒரு வாய்க்கால். ஆனால் ஏரிக்கரையை ஒட்டித் தோண்டக்கூடாது. கரை பலவீனமாகும். ஊருக்கே ஆபத்து.

வாட்டம்

மழைத் தண்ணீர்தான் தேங்குகிறது என்றால், மட்டம் பார்க்கவேண்டும். கண் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாய் ஏமாற்றாது. வாய்க்காலுக்கு 100 அடி நீளத்துக்கு அரை அடி வாட்டம் போதும். கடைசியில் வெட்டத் தொடங்க வேண்டியது தோட்டத்தின் நடுப்பகுதி. முதலில் வெட்ட வேண்டியது, தண்ணீர் வெளியேறும் வாய்.

பாத்தியும் மாறவேண்டும். தட்டைப் பாத்திக்குப் பதில் மேட்டுப்பாத்தி. 3 அல்லது 4 அடி அகலம். முக்கால் அடி உயரம். இரண்டு பாத்திக்கு நடுவே தண்ணீர் ஓட வழி. ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் போட்டால், நாளடைவில் மண் பொலபொலப்பாகும். இது ஒரே ஆண்டில் நடக்கிற காரியம் அல்ல.

வரப்புச் சண்டை

வாய்க்கால் வெட்டியாயிற்று. தண்ணீர் எங்கே போவது? பக்கத்துத் தோட்டத்துக்கு! அங்கேதான் தொடங்குகிறது வம்பு.

"என்ன அண்ணே, உங்க தண்ணி எல்லாம் என் கொத்தமல்லியிலேதான் நிக்குது!"

"நானா தம்பி மழையைக் கூப்பிட்டேன்?"

இந்தப் பேச்சு முற்றி, பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எத்தனையோ!

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், மேட்டு நிலத்தில் பெய்யும் மழை இயற்கையாகத் தாழ்ந்த நிலத்துக்கு ஓடுவதை, தாழ்ந்த நிலத்துக்காரர் விடவேண்டும் என்கிறது. "இயற்கையாக" என்ற சொல்தான் முக்கியம். வாய்க்கால் வெட்டி, தோட்டத்துத் தண்ணீரை எல்லாம் ஒரே இடத்தில் திரட்டி அடுத்தவர் பயிரில் விடுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

முன்பு ஓடை இருந்தது. தண்ணீர் அதில் இறங்கியது. சாலை உயர்ந்தபோதும், நிலம் மனையானபோதும் பல ஊர்களில் ஓடை தூர்ந்தது. ஓடை, அரசு புறம்போக்காகப் பதிவாகி இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தில் பார்க்கலாம். பதிவு இருந்தால், இரண்டு தோட்டத்துக்காரர்களும் சேர்ந்தே தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். தனித்தனியாகச் சண்டை போடுவதற்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது.

குட்டை

ஓடைக்கும் வழி இல்லை என்றால், தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை. 30 அடி நீளம், 30 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால், பக்கங்களை நேராக வெட்டினால் சுமார் ஒன்றேகால் லட்சம் லிட்டர் பிடிக்கும். பக்கங்களைச் சரிவாக வெட்டுவதுதான் பாதுகாப்பு. அப்போது கொள்ளளவு சற்றுக் குறையும். அந்தத் தண்ணீர் மழை இல்லாத வாரங்களில் ஒரு பாத்திக்காவது உதவும்.

குட்டையைச் சுற்றி வேலி போடுவது அவசியம். அம்மாவுடன் தோட்டத்துக்கு வரும் சிறு பிள்ளைகள், களை எடுக்கும் நேரத்தில் கண்ணை விட்டு மறைந்துவிடுவார்கள்.