நோய்தரு மதுவத்தின் கலச்சுவரும் அதன் பரம்பரையலகுகளும்

மதுவம் என்றதும் பாணும் கள்ளும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் மதுவங்களுட் சில நோய் விளைப்பன. அவற்றுள் முதன்மையானது கண்டிடா அல்பிக்கன்சு. நலமுடையோர் பலரின் வாயிலும் குடலிலும் இது தீங்கின்றி வாழ்கின்றது. குழந்தைகளின் நாவில் வெண்படலமாகத் தோன்றுவதும் இதுவே. ஆனால் புற்றுநோய்க்கான மருந்துகளினாலோ உறுப்புமாற்றுச் சிகிச்சையினாலோ நிர்ப்பீடனம் குன்றிய ஒருவரின் குருதியினுள் இது புகுமாயின் நிலைமை முற்றிலும் வேறாகும். தக்க மருந்து கொடுக்கப்பட்டும் இறப்போர் பலர்.

பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகள் பலவாக இருக்க, பங்கசைக் கொல்லும் மருந்துகள் மிகச் சிலவாக இருப்பது ஏன்? பங்கசுகள் நமக்கு நெருங்கிய உறவினவாக இருப்பதே காரணம். மென்சவ்வு சூழ்ந்த கரு, இழைமணி, புரதத்தைத் தொகுக்கும் முறை ஆகியன மதுவக் கலத்திலும் நமது கலத்திலும் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆகவே, மதுவத்திற்கு நஞ்சாவது நோயாளிக்கும் நஞ்சாகிவிடுகின்றது. 1950 களில் அறிமுகமான அம்போற்றெரிசின் பி உயிர்காக்கும் மருந்தாயினும் சிறுநீரகத்தைத் தாக்குவதை மருத்துவர் அனைவரும் அறிவர். மதுவத்திடம் உள்ளதும் நம்மிடம் அறவே இல்லாததுமான ஓர் உறுப்பைத் தேடுவோமாயின், அது கலச்சுவரே.

கலச்சுவரை வெறும் வேலி எனக் கருதலாகாது. கலத்தினுள் இருக்கும் கரைசல் செறிவு மிக்கது. பிரசாரணத்தினால் நீர் இடையறாது உட்புக முயல்கின்றது. சுவர் இல்லையேல் கலம் வெடித்துவிடும். அதே சுவர், கலம் வளர்வதற்கும் அரும்புவதற்கும் இடங்கொடுத்து நெகிழவும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவன மூன்று பொருள்கள். உட்படையில் குளுக்கோசு அலகுகளாலான குளூக்கன் சங்கிலிகள் உள்ளன; சுவரின் உலர்நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு இவையே. இவற்றோடு, இறாலினதும் நண்டினதும் ஓட்டிற்கு வன்மை தரும் கைற்றின் சிறிதளவு உண்டு. நூற்றுக்குச் சில பங்கேயாயினும் அதன் வேலை பெரிது. வெளிப்படையில் மனோசு என்னும் வெல்லம் பிணைந்த புரதங்கள் தூரிகையின் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும். நமது வெண்குருதிக் கலங்கள் குளூக்கனை இனங்கண்டு மதுவத்தைத் தாக்குபவை. வெளிப்படையோ அக்குளூக்கனை மறைத்துவிடுகின்றது.

இங்கு மாணவர்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். பரம்பரையலகு விதிப்பது புரதத்தையன்றோ? குளூக்கன் புரதம் அன்றே? உண்மைதான். குளூக்கனுக்கென நேரடியான பரம்பரையலகு எதுவும் இல்லை. பரம்பரையலகு ஒரு நொதியத்தை விதிக்கின்றது. அந்நொதியம் கலமென்சவ்வில் அமர்ந்து, குளுக்கோசு அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வெளியே தள்ளுகின்றது. ஆகவே பரம்பரையலகில் நேரும் சிறுமாற்றம் சுவரில் வெளிப்படுவது நொதியத்தின் வாயிலாகவே.

குளூக்கனைத் தொகுக்கும் நொதியத்தின் முதன்மைக் கூறை விதிக்கும் பரம்பரையலகு எவ்.கே.எசு. 1 எனப்படும். இப்பெயரின் வரலாறு நமது பொருளுக்கு மிக இன்றியமையாதது. 1984 இல் யப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எவ்.கே. 506 என்னும் பொருள் பெறப்பட்டது. பிற்காலத்தில் தக்குரோலிமசு என்னும் பெயருடன், மாற்றிப் பொருத்திய ஈரலையும் சிறுநீரகத்தையும் உடல் நிராகரியாது காக்கும் மருந்தாக அது வழங்கலாயிற்று. கல்சினியூரின் என்னும் நொதியத்தைத் தடுப்பதே அதன் தொழில். பாண் மதுவத்தின் சாதாரண வளர்ப்புகளை அது கொல்வதில்லை. ஆயினும், விகாரமடைந்த ஒரு வகை மட்டும் அதனால் மடிந்தது. எவ்.கே. 506 க்கு உணர்திறனுடையது என்னும் பொருள்பட அவ்விகாரத்திற்கு இட்ட பெயரே எவ்.கே.எசு. ஆகும்.

அவ்வகை மடிந்தது எவ்வாறு? பாண் மதுவத்தில் குளூக்கன் தொகுப்பிற்கு இரு பரம்பரையலகுகள் உள்ளன. முதலாவது பழுதுற்றால் இரண்டாவது தொழிற்பட்டுச் சுவரைக் காக்கும். இரண்டாவதைத் தூண்டி எழுப்புவது கல்சினியூரின். முதலாவது பரம்பரையலகு விகாரத்தினாலும், இரண்டாவது மருந்தினாலும் முடங்கவே, சுவர் அமைக்க வழியின்றிக் கலம் அழிந்தது. 1990 களின் முற்பாதியில் இவ்வுண்மை தெளிவாயிற்று. குளூக்கன் தொகுப்பைத் தடுக்கும் மருந்திற்குப் பணியாத விகாரங்களைத் தேடியோரும் இதே பரம்பரையலகையே வந்தடைந்தனர்.

அம்மருந்துகளே எக்கினோகண்டின்கள். பங்கசுகளிலிருந்து பெறப்பட்டுப் பின் ஆய்வுகூடத்தில் திருத்தியமைக்கப்பட்டவை இவை. பங்கசை வெல்லப் பங்கசே படைக்கலம் தந்தது எனலாம். இவ்வினத்தின் முதல் மருந்தாகிய கசுப்போபங்கின் 2001 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நமது கலங்களில் குளூக்கன் இல்லையாதலால் இதனால் விளையும் தீங்கு ஒப்பீட்டளவிற் குறைவே.

எனினும் மதுவம் வாளாவிருக்கவில்லை. ஏறத்தாழ 1,900 அமினோவமிலங்களாலான இந்நொதியத்தில் 645 ஆம் இடத்திலுள்ள செரீன், புரோலினாகவோ வேறு அமினோவமிலமாகவோ மாறினால் போதும், மருந்து நொதியத்தைச் சரிவரத் தாக்கமாட்டாது. கண்டிடா பரப்புசிலோசிசு என்னும் இனத்திலோ இத்தகைய மாற்றம் இயற்கையிலேயே அமைந்துள்ளது. அங்கு 660 ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதிலாக அலனின் இருப்பதால், மருந்தை என்றும் காணாத கலங்களும் அதற்குக் குறைந்த உணர்திறனையே காட்டுகின்றன. ஆனால் விகாரத்தினால் பெறும் எதிர்ப்பாற்றல் இலவசமாகக் கிடைப்பதன்று. மாறிய நொதியம் மந்தமாகவே தொழிற்படும். விகாரம் பெற்ற அல்பிக்கன்சு வகைகள் எலிகளில் இயல்பான வகைகளோடு போட்டியிட்டுப் பின்தங்கியமை காணப்பட்டுள்ளது.

நாம் இதனினும் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. எவ்வித விகாரமும் இன்றியே மதுவம் மருந்தைத் தாங்கிக்கொள்ளவும் கூடும். குளூக்கன் குறைந்து சுவர் நலிவுறும்போது, அச்செய்தி கல்சினியூரின் வழியும் வேறு இரு வழிகளிலும் கருவைச் சென்றடைகின்றது. உடனே கைற்றின் தொகுப்பிற்குரிய பரம்பரையலகுகள் விழித்தெழுகின்றன. அல்பிக்கன்சில் இவை நான்கு. அதனால் சுவரின் கைற்றின் பன்மடங்காகிக் குளூக்கனின் இடத்தை ஓரளவு ஈடுசெய்கின்றது. கலங்களின் கைற்றினை முன்னதாகவே மிகுவித்துப் பின் கசுப்போபங்கின் இட்டால் அவை பிழைத்துக்கொள்வதை, 2008 இல் சுகொத்துலாந்தின் அபடீன் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர். சில வகைகள் குறைந்த செறிவில் மடிந்து, மிக உயர்ந்த செறிவில் மீண்டும் வளரும் விந்தையும் உண்டு. ஆய்வுகூடத்தில் தெளிவாகத் தெரியும் இது, நோயாளியின் உடலில் எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்திற்குரியதே. ஆகவே, ஒரு பரம்பரையலகின் வரிசையை மட்டும் வாசித்து மருந்து பயன்படுமா என முடிவு கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை.

அசோல் மருந்துகள் தாக்குவது சுவரையன்று, மென்சவ்வின் ஏகொசுத்தரோலை. அவற்றிற்கு எதிரான உபாயங்கள் பலவற்றை இங்கு விரிக்க இடமில்லை. 5 ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு புயத்தையே இரட்டித்து, மருந்தின் இலக்கையும் மருந்தை வெளியேற்றும் பம்பிகளின் ஆணையையும் ஒருங்கே பெருக்கிக்கொள்ளும் அல்பிக்கன்சுகள் 2006 இல் அறியப்பட்டமையை மட்டும் சுட்டுகின்றோம். அசோலின் தாக்குதலிலிருந்து மீளவும் மதுவத்திற்குக் கல்சினியூரின் வேண்டும். அசோலோடு கல்சினியூரின் தடுப்பியையும் சேர்த்தால், வளர்ச்சியை நிறுத்தவே வல்ல அசோல் கலத்தைக் கொல்வதாக மாறுகின்றது.

அவ்வாறாயின் எவ்.கே. 506 ஐயே துணைமருந்தாக நோயாளிக்குக் கொடுத்தால் என்ன? இங்குதான் இடர். நமது கலங்களிலும் கல்சினியூரின் உண்டு. நிர்ப்பீடனம் அதனைச் சார்ந்தே இயங்குகின்றது. மதுவத்தின் கவசத்தைக் களையும் அதே மருந்து நோயாளியின் கவசத்தையும் களைந்துவிடும். எனவே இரு கல்சினியூரின்களுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுகள் இப்போது தேடப்படுகின்றன. நோய்தரு பங்கசுகளின் கல்சினியூரின் எவ்.கே. 506 உடன் பிணைந்திருக்கும் பளிங்கமைப்புகள் 2019 இல் வெளியாயின. அவற்றைத் துணைக்கொண்டு, மனிதக் கலத்தில் வலுக்குன்றியும் பங்கசில் வலுக்குன்றாதும் தொழிற்படத்தக்கதாக அம்மூலக்கூறைத் திருத்தும் முயற்சி விலங்குச் சோதனை வரை சென்றுள்ளது.