கை மரக்கலாம், மூளைக்குப் போகக் கூடாது

சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பட்டாசு ஆலையில் கை வெந்துபோன அவர் மனைவிக்குக் காறையெலும்புக்கு மேலே ஊசி போட்டு, கையை மட்டும் மரக்க வைத்து அறுவை சிகிச்சை செய்தார்களாம். மறுநாள் காலைவரை கையைத் தூக்க முடியாததால், நரம்பு செத்துவிட்டதோ என்று வீடே பயந்துபோயிருக்கிறது. இந்த ஊசி நல்லதுதானா என்று கேட்கிறார்.

நல்லதுதான். முழு மயக்கம் வேண்டியதில்லை. அறுவை முடிந்த பிறகும் வலி தெரியாது. பியூபிவகெய்ன் கொடுத்தால் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் கை மரத்தே கிடக்கும். நரம்பில் சோடியம் நுழையும் வாசல்களை மருந்து அடைத்துவிடுவதால் செய்தி ஓடாது. மருந்து மெல்ல ரத்தத்தில் கலந்து வெளியேறியதும் வாசல்கள் திறந்துகொள்ளும்.

அந்த மருந்து அளவு மீறினாலோ, ஊசிமுனை தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலோதான் வினை. ரத்தத்தோடு அது மூளைக்குப் போகிறது. நரம்பை அடக்கும் மருந்தாயிற்றே, ஆள் தூங்கிப்போவார் என்றுதான் நினைப்போம். ஆனால் பெரும்பாலும் முதலில் வருவது வலிப்பு! மூளையில் தூண்டிவிடும் செல்களும் உண்டு, அவற்றை அடக்கி வைக்கும் செல்களும் உண்டு. மருந்துக்கு முதலில் விழுவது அடக்கும் செல்கள். விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் கயிறு பிடித்துக் கூட்டத்தை நிறுத்துபவர்கள் முதலில் மயங்கி விழுந்தால் எப்படி இருக்கும்? அதுதான் வலிப்பு. மருந்து இன்னும் ஏறினால் தூண்டும் செல்களும் ஓய்ந்துவிடும். நினைவு தப்பும், மூச்சு அடங்கும். பியூபிவகெய்ன் இதயத்தையும் நிறுத்திவிடக்கூடியது.

பல நேரங்களில் உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உதடும் நாக்கும் மதமதக்கும், வாயில் இரும்பு ருசி தட்டும், காது இரையும், பேச்சு குழறும். விழித்திருக்கும் நோயாளிதான் இங்கே முதல் எச்சரிக்கை மணி.

இந்த வினைக்கு மாற்று மருந்து சோயா எண்ணெயில் செய்த, பால்போல வெளுத்த ஒரு திரவம். லிபிட் எமல்ஷன் என்பார்கள். சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டமாக நெடுங்காலம் ரத்தத்தில் ஏற்றி வந்ததுதான். இதயத்தையும் மூளையையும் பிடித்த மருந்தை அது தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. 1998-இல் சிகாகோவில் வைன்பெர்க் குழுவினர் எலிகளில் இதைக் காட்டினார்கள். இதனால் மனித உயிர் பிழைத்த முதல் செய்தி 2006-இல் வந்தது. மரப்பு ஊசி போடும் எந்த மருத்துவமனையிலும் இந்தப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆள் துடிக்கும்போது மருந்துக்கடைக்கு ஓட நேரமிருக்காது.

இன்னொன்று, எடை. பியூபிவகெய்ன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கமான வரம்பு. நம் ஆலைகளில் வேலை பார்க்கும் ஒரு பெண் 40 கிலோ என்றால் 80 மில்லிகிராம். அரை சதவீத மருந்தில் 16 மில்லி. குத்துமதிப்பாக 55 கிலோ என்று எழுதிவிட்டால் 22 மில்லி ஆகிவிடும். எடை மேடையில் ஒரு நிமிடம் ஏற்றிவிட்டால் முடிகிற காரியம் இது.

வாசகரின் பயத்துக்கு வருகிறேன். சிலருக்கு விரல்களில் கூச்சமோ மதமதப்போ சில வாரங்கள் நீடிக்கும். பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும். நிலையான சேதம் மிக அரிது. ஊசிமுனை நரம்பில் பட்டிருக்கலாம், கட்டு இறுகியிருக்கலாம், அந்தத் தீக்காயமே நரம்பைக் கெடுத்திருக்கலாம். அதனால்தான் நல்ல மயக்க மருத்துவர் ஊசிக்கு முன்பே ஒவ்வொரு விரலையும் தொட்டு, எதில் உணர்வு இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். இரண்டு நாள் கழித்தும் கை அசையாவிட்டால் உடனே போய்க் காட்டுங்கள். மரப்பு தீரும்வரை கையைத் தூளியில் வைத்திருங்கள். அடுப்புப் பக்கம் போக வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

நம் ஊர்ப் பெண்கள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பவர்கள். ‘டாக்டர்கிட்ட இதையெல்லாமா சொல்றது’ என்று வாயை மூடிக்கொள்வார்கள். அறுவை மேஜையில் மட்டும் பொறுமை வேண்டாம். வாயில் இரும்பு ருசி தட்டிய அந்த நொடியே சொல்லிவிட்டால், மருத்துவர் மருந்து ஏற்றுவதை நிறுத்திவிடுவார்.