தொலைபேசியும் திட்ட வேலையும்

கணினி வேலை என்றதும் நம்மவர் மனதில் எழுவது குளிரூட்டிய அறையும் வெயில் படாத உத்தியோகமும் தான். யுத்தத்தில் கணவரை அல்லது தகப்பனை இழந்த குடும்பங்களுக்குப் போய்வருவது எனது பணி. அந்த வீடுகளிலிருந்து கணினி படித்து, யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் சிறு கொம்பனிகளில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் பலரை அறிவேன். அவர்களின் களைப்பு வேறு விதமானது.

ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடங்கள் இவை. கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள், பாடசாலைக்கு இணையத்தளம் என்று செய்து கொடுப்பார்கள். வாடிக்கையாளரின் முறைப்பாட்டைக் கேட்கத் தனிப் பிரிவு கிடையாது. மென்பொருள் எழுதுகிறவரே தொலைபேசியையும் எடுக்க வேண்டும்.

"பகல் முழுக்க கோல் எடுக்கிறன் அக்கா. பின்னேரம் சேர் வந்து, இண்டைக்கு என்ன செய்தனீர் எண்டு கேட்டால் காட்ட ஒண்டும் இல்லை" என்றார் ஒரு தங்கை. அவரது சம்பளத்தில் தான் தாயும் இரண்டு தம்பிமாரும் வாழ்கிறார்கள். சம்பள உயர்வோ முடித்த திட்டத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது.

தொலைபேசி ஏன் பெண்பிள்ளையின் மேசைக்கே வருகிறது? "உமக்குப் பணிவான குரல்" என்பார்கள். இது பாராட்டுப் போலத் தோன்றும். நான் அதைப் பொறி என்றே சொல்வேன். கோபக்காரரிடம் முகம் சுளிக்காமல் கதைப்பதும் உழைப்புத் தான் என்பதை, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1983 இலேயே எழுதிவிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் உணர்வு உழைப்பு. குளோரியா மார்க்கும் சக ஆய்வாளர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இடையூறு செய்யப்பட்டவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள்; ஆனால் அவர்களின் மன அழுத்தம் கூடியிருந்தது. முதலாளிக்கு வேகம் தெரியும். அழுத்தம் வீட்டுக்கு வரும்.

முதலாளியையும் முழுதாகக் குறை சொல்லமுடியாது. பில் போடமுடியாமல் நிற்கும் கடைக்காரர் அடுத்த மாதம் வேறு இடம் போய்விடுவார்.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது ஒரு கொப்பி போடும்படி தான். யார் எடுத்தார், என்ன பழுது, எத்தனை நிமிடம் போனது என்று ஒவ்வொரு அழைப்பையும் அவர் எழுதினார். இரண்டு மாதத்தில் ஒன்று தெளிவானது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வந்திருந்தது. கடைக்காரரே அதை மாற்றிக்கொள்ள மென்பொருளில் வழி செய்தால் அந்த அழைப்புகள் நின்றுவிடும். அதுவே ஒரு திட்ட வேலை!

கொப்பியைக் கண்டபின் சேர் முறை வைத்தார். ஒரு நாள் ஒருவர் தொலைபேசி எடுத்தால் மறுநாள் மற்றவர். கடை ஸ்தம்பித்தால் உடனே பார்ப்பது; எழுத்தின் நிறம் மாற்றுவது போன்றவை பின்னேரத்துக்கு. பெரிய இடங்களிலும் இப்படி எல்லை உண்டு. சேவைகளைப் பராமரிக்கும் குழுவினர் இத்தகைய அன்றாட வேலைகளில் தம் நேரத்தின் 50 வீதத்துக்கு மேல் செலவிடக்கூடாது என்று கூகுள் பொறியியலாளர்கள் 2016 இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்கள்.

இரவு அழைப்பு தான் பெரிய தலையிடி. ஆண் துணையில்லாத வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஓர் ஆணின் அழைப்பு வந்தால் அயலுக்குக் கதை கிடைத்துவிடும். சொந்த இலக்கத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டாம், அலுவலகத்துக்கென ஒரு சிம் கேளுங்கள் என்று நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேற்பட்டால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. வீட்டிலிருந்து இரவில் பதில் சொல்வதும் வேலை தானே. கொப்பியில் அதையும் எழுதுங்கள்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த அலுவலகத்தில் ஒரு தம்பி தொலைபேசி எடுக்கிறார். அவருக்கும் குரல் பணிவாகத் தான் இருக்கிறதாம். சிம் விடயம் இன்னும் பேச்சில் இருக்கிறது.