குரங்கைக் காப்பாற்றிய மருந்து மனிதருக்கு ஏன் கைகொடுக்கவில்லை?

கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து 2024 ஆகஸ்டில் வெளிவந்த ஆய்வு முடிவொன்று வைத்தியர்கள் பலரை ஏமாற்றியது. குரங்கம்மைக்கு எதிராகப் பெரிதும் நம்பப்பட்ட டெக்கோவிரிமற் என்ற மருந்து 597 நோயாளர்கள் பங்குபற்றிய பரிசோதனையில் சோதிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றப் பகுதியினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மருந்து. கொப்புளங்கள் ஆறுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இத்தனைக்கும் இதே மருந்து ஆய்வுகூடத்தில் குரங்குகளைச் சாவிலிருந்து மீட்டிருந்தது. அப்படியானால் ஆய்வுகூடம் பொய் சொன்னதா? இல்லை. அங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு.

இந்த மருந்து முதலில் பெரியம்மைக்காக உருவாக்கப்பட்டது. பெரியம்மை 1980ஆம் ஆண்டிலேயே உலகிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதால் சோதிப்பதற்கு நோயாளர்கள் இல்லை. இப்படியான நிலைமைகளில் விலங்குகளில் கிடைத்த சான்றை வைத்து அனுமதி வழங்க அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. குரங்கம்மை தொற்றிய குரங்குகள், முயலம்மை தொற்றிய முயல்கள் ஆகியவற்றில் கிடைத்த பலனைப் பார்த்து 2018இல் அனுமதி வழங்கினார்கள். மனிதரில் பார்க்கப்பட்டது பாதுகாப்பு மட்டுமே, அதுவும் ஆரோக்கியமான 359 பேரில்.

அந்தக் குரங்குகளுக்குச் சுமார் 5 கோடி வைரஸ் துகள்கள் நேரடியாக நாளத்தில் ஏற்றப்பட்டன. மருந்து கொடுக்காவிட்டால் அநேகமானவை இறந்துவிடும். மனிதருக்கு நோய் அப்படி வருவதில்லை. தோல், வாய், மூச்சு வழியாகக் கொஞ்சமாக நுழையும் வைரஸ், ஒன்றிரண்டு வாரம் உடலுக்குள் மெல்லப் பெருகி, பிறகே கொப்புளமாக வெளிவரும். குரங்குகளுக்குத் தொற்று ஏற்றி நான்காம் நாளளவில் மருந்தைத் தொடங்கினார்கள். தாமதித்தபோது அங்கும் பலன் குறைந்தது. மனிதரோ கொப்புளம் கண்ட பிறகுதான் வைத்தியசாலைக்கு வருகிறார். சாவைத் தடுக்குமா என்பது ஒரு கேள்வி, புண்ணை விரைவாக ஆற்றுமா என்பது இன்னொன்று.

பொருத்தமான விலங்கைத் தேடுவதே பெரும் பாடு. வழமையான ஆய்வுகூடச் சுண்டெலிகளை இந்த வைரஸ் அசைப்பதில்லை. நோயெதிர்ப்பில் முக்கியமான இன்டர்பெரோன் காமா போதுமான அளவு சுரக்காத, காஸ்ட் எனப்படும் எலி இனம் இலகுவில் நோயுறும். அதன் எதிர்ப்புச் சக்தியே குறைபாடுடையது என்பதால், அதிலிருந்து மனிதரைப் பற்றி முடிவெடுக்கத் தயங்க வேண்டியிருக்கிறது. ஓரளவு மனிதரை ஒத்திருப்பது பிரெய்ரி நாய். பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பக் கொறிணி. 2003இல் கானாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட எலிகளிடமிருந்து, செல்லப்பிராணியாக விற்கப்பட்ட இவற்றுக்கும், இவற்றிடமிருந்து 47 மனிதருக்கும் நோய் பரவியதாகக் கணக்கிடப்பட்டது. மூக்கு வழியாக வைரஸைக் கொடுத்தால், மனிதரைப் போலவே நாட்கள் கழித்தே இவற்றுக்குக் கொப்புளம் வருகிறது.

பெயரைப் பார்த்துக் குரங்கைக் குற்றம் சொல்லவும் கூடாது. 1958இல் கோபன்ஹேகன் ஆய்வுகூடக் குரங்குகளில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதால் வந்த பெயர் அது. காட்டில் வைரஸைச் சுமப்பவை பெரும்பாலும் கொறிணிகள் என்றே கருதப்படுகிறது.

கல வளர்ப்பு மலிவானது, விரைவானது. ஆபிரிக்கக் குரங்கொன்றின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானில் எடுக்கப்பட்ட வீரோ கலங்களில் வைரஸை வளர்த்து, அது அழித்த இடங்களை எண்ணலாம். இப்போது மனிதக் குருத்துக் கலங்களிலிருந்து தோல் போன்ற சிறு அமைப்புகளையும் வளர்க்கிறார்கள். 2023இல் அவற்றிலும் டெக்கோவிரிமற் வைரஸைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அந்தத் தோலுக்கு இரத்த ஓட்டம் இல்லை, முழு உடலின் நோயெதிர்ப்பும் இல்லை.

கொங்கோ ஆய்வில் இன்னொரு எண்ணிக்கையும் உண்டு, அது அதிகம் பேசப்படவில்லை. பங்குபற்றியவர்களில் இறந்தோர் 1.7 வீதம். நாட்டின் பொதுவான இறப்பு வீதம் 3.6 அல்லது அதற்கு மேல். மருந்து கிடைத்தவர், கிடைக்காதவர் இரு பகுதியிலும் இறப்பு குறைந்தே இருந்தது. எல்லோரும் வைத்தியசாலையில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள்; உணவும் நீராகாரமும் புண்களுக்கான பராமரிப்பும் கிடைத்தன. அதே ஆண்டில் போரால் இடம்பெயர்ந்தோர் நிறைந்திருந்த கோமா நகர முகாம்களிலும் குரங்கம்மை பரவியது. கூடார வாழ்வை அறிந்த நமக்கு, அங்கே இவை எவ்வளவு கிடைத்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.